குடம் நிறையும் வரை

எனக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தது சாமியார் யாரும் இல்லை. தேரடிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்றவரிடம் என் மனைவி பேரம் பேசி வாங்கிய, முதுகு கிழிந்த ஒரு சின்னப் புத்தகம். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அட்டையில் ஒருவர் சம்மணம் போட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் இருந்தது. அந்தப் படத்தை நம்பித்தான் வாங்கினாள்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எம்புட்டு நிம்மதியா உக்காந்திருக்காரு பாருங்க. நெஞ்சுக்கு நல்லதாத்தான் இருக்கும். படிச்சுப் பாருங்க" என்று கையில் திணித்தாள்.

அப்போது நான் நூல் மில்லில் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. மதுரைக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை தொடர்ந்து ஏமாற்றியபோது அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நானும் அவளும் டவுனுக்கு வந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குப் பிறந்த வீட்டிலும் ஒருவரும் மிஞ்சவில்லை. நான் அவளுக்கு, அவள் எனக்கு என்று இருந்தோம். இதைச் சினிமாக்காரன் மாதிரி சொல்லவில்லை, உள்ள நிலவரத்தைச் சொல்கிறேன்.

மில்லில் எனக்குக் கிடைத்த இடம் கார்டிங். பஞ்சைச் சீவி நாராக்குகிற கூடம் அது. இழை அறுந்துவிடக் கூடாது என்று சன்னலை எல்லாம் சாத்தியே வைத்திருப்பார்கள். உள்ளே பஞ்சுத் தூசு பனிமூட்டம் போல் நிற்கும். வேலை முடிந்து வெளியே வரும்போது எங்கள் எல்லோருக்கும் புருவமும் மீசையும் நரைத்திருக்கும். ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி வாயில் போட்டுக்கொள்வோம். தொண்டையில் ஒட்டிய பஞ்சைக் கருப்பட்டி வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நெஞ்சுக்குள் போன பஞ்சை யார் இழுத்துக்கொண்டு போவார்கள் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.

படுத்தால் எனக்கு லேசாக இழுக்க ஆரம்பித்திருந்தது. அவள் அதைக் கேட்டுவிட்டாள். புத்தகம் வந்தது அதனால்தான். கொடுத்த கையோடு ஒரு வார்த்தையும் சொன்னாள். "எனக்கு முன்னாடி நீங்க போயிரக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

புத்தகம் எளிமையாகத்தான் இருந்தது. விடியுமுன் எழுந்து உட்கார வேண்டும். மூச்சை உள்ளே இழுப்பது பூரகம், பிடித்து நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம். விடும்போது மூக்குக்கு முன்னால் விளக்கை வைத்தாலும் சுடர் ஆடக் கூடாது. அவ்வளவு மெல்ல, அவ்வளவு நைஸாக விட வேண்டும். அப்புறம் கண்ணை மூடி இரு புருவத்துக்கு நடுவில் மனசை நிறுத்த வேண்டும். கும்பகத்தை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகச் சொல்லியிருந்தது. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. மில் சங்கை வைத்துத்தான் எங்கள் பேட்டையே பொழுதை அறியும். கும்பகத்தை எதை வைத்து அளப்பது?

அதற்கு அவள்தான் வழி கண்டுபிடித்தாள். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே தெருக்குழாய். விடியற்காலை சற்று நேரம்தான் தண்ணீர் வரும். பெண்கள் வரிசையில் நிற்பார்கள். முறைக்கு ஒரு பாத்திரம் என்பது அங்கே சட்டம். ஒன்று நிறைந்ததும் எடுத்துக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போய்விட வேண்டும். அது குடமானாலும் சரி, குவளையானாலும் சரி. இந்தச் சட்டத்தை மீறினால் முதலில் வசவு விழும், அப்புறம் குடம் உருளும்.

"என் முறை வரும்போது கனைக்கிறேன். குடத்தைக் குழாய்க்கடியில வெச்சதும் நீங்க மூச்சைப் பிடிங்க. குடம் நிறைஞ்சதும் விடுங்க" என்றாள்.

அவளுடைய குடம் சீர் வரிசையில் வந்த பெரிய பித்தளைக் குடம். காலிக் குடத்தில் தண்ணீர் விழும்போது கொரகொரவென்று அடித்தொண்டையில் சத்தம் போடும். நிறைய நிறையக் குரல் மெலிந்து உயர்ந்துகொண்டே போகும். கழுத்தை எட்டும்போது கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் வழியும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாலும் குடம் எதுவரை நிறைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் பாதிக் குடத்தில் எனக்குக் கண் பிதுங்கிவிட்டது. அவள் இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்து, "குடமா, நீங்களா?" என்று கேட்டாள்.

"குடம்தான்" என்றேன்.

அன்றிலிருந்து அது தினமும் நடந்தது. குடத்தோடு வருவாள், "குடமா, நீங்களா?" என்பாள். நான் சொல்லும் பதிலைப் பொறுத்து அன்றைய காப்பியின் திடம் அமையும். ஒரு வருஷத்துக்குள் நான் குடத்தை ஜெயித்தேன். அன்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம் காரணம் சொல்லவில்லை. வேறு விசேஷம் என்று நினைத்து நாலு பெண்கள் வந்து அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கும் அவள் சிரித்தாள்.

மூச்சு வசப்பட்டது. மனசுதான் வசப்படவே இல்லை. புருவ மத்தியில் சோதி தெரியும் என்று புத்தகம் சொன்னது. கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சு. வெள்ளை வெள்ளையாக, அவசரமில்லாமல் பறந்துகொண்டிருக்கும். ஒருநாள் அந்தப் பஞ்சும் நின்று, ஒன்றுமே இல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தது. அது தியானமா, தூக்கமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. திரும்ப வரவில்லை.

கார்டிங்கில் என் பக்கத்து மிஷினில் ஒரு பாய் நின்றார். பெரிய பள்ளிவாசல் பக்கம் வீடு. நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். எங்கள் பக்கத்தில் அது சகஜம். என் மூச்சுப் பயிற்சி அவருக்கு நல்ல வேடிக்கை. "ஏன் மாப்ள, இங்க நாள் பூரா இழுக்குறது பத்தாதுன்னு வீட்லயும் போயி இழுக்குறியா?" என்பார். சொல்லிவிட்டு இருமுவார். மறைக்கத் தெரியாத மனிதர், இருமலையும் சேர்த்துத்தான்.

இந்த இடத்தில் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற நாளில் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஞாயிறு ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டுத் திங்கள் மிஷினுக்கு முன்னால் போய் நின்றால், மத்தியானத்துக்குள் நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி அடைக்கும். செவ்வாய்க்கிழமை குறையும், புதன்கிழமை மறந்துவிடும். நான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்படி என்ன செய்கிறோம்? கறிச்சோறு தின்கிறோம். புலால் உண்பவனுக்கு நாடி அடைத்துக்கொள்ளும் என்று புத்தகத்திலும் இருந்தது. ஆக, ஞாயிற்றுக்கிழமைக் கறிதான் திங்கட்கிழமை நெஞ்சில் வந்து உட்காருகிறது என்று முடிவு கட்டினேன்.

கறியை விட்டேன். நான் விட்டதால் அவளும் விட்டாள். குடல் குழம்பு என்றால் உயிரை விடுகிறவள் அவள். அடுத்த வீட்டில் கறி தாளிக்கிற வாசனை வந்தால் மட்டும் கதவைச் சாத்திவிட்டு வருவாள். அப்படியும் திங்கட்கிழமை நெஞ்சு அடைத்தது. பாயிடம் சொன்னேன்.

"எனக்கும் திங்கக்கெழமதான் அடைக்குது மாப்ள" என்றார் அவர். "நான் ஞாயித்துக்கெழம கறி திங்கிறதே இல்லயே."

"நீங்க வெள்ளிக்கிழமை தின்னுருப்பீக. உங்களுக்கு மெதுவா இறங்குது மாமா" என்றேன். அவ்வளவு தெளிவாக இருந்தேன். சித்திரைத் திருவிழா லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று வழக்கத்தைவிட மோசமாக அடைத்தது. திருவிழாக் கூட்டத்தில் பயிற்சியை விட்டுவிட்டதுதான் காரணம் என்று கணக்குப் போட்டு, அதற்கப்புறம் திருவிழா பார்க்கப் போவதையும் விட்டுவிட்டேன். ஆற்றில் இறங்குகிற அழகரைப் பார்க்காமல் மதுரையில் ஒருவன் வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்றால் அது நானாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு வருஷம் மில்லில் எல்லோருக்கும் நெஞ்சுப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். இருமுகிற ஆட்களை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. டாக்டர் ஒருவர் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டிக்கொண்டு நாங்கள் வரிசையில் நின்றோம். குழாயை முதுகில் வைத்து, "இழு, பிடி, விடு" என்பார். அவ்வளவுதான் பரிசோதனை.

பாய் எனக்கு முன்னால் நின்றார். இழு என்றபோதே அவருக்கு விசில் அடித்தது. பிடி என்றபோது பிடிக்க முடியவில்லை. விடு என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே இருமல் வெடித்துக்கொண்டு வந்தது. மேஸ்திரி அவரைத் தனியாக ஒரு ஓரத்தில் நிற்கச் சொன்னார்.

என் முறை வந்தது. இழு என்றார், இழுத்தேன். பிடி என்றார், பிடித்தேன். பெரிய பித்தளைக் குடத்தை ஜெயித்தவனுக்கு இது என்ன பிரமாதம்? விடு என்றார். சுடர் ஆடாமல் விட்டேன். டாக்டர் குழாயை நகர்த்தி நகர்த்தி வைத்துக் கேட்டார். மறுபடி செய்யச் சொன்னார். மேஸ்திரியைப் பார்த்து, "இந்த ஆளுக்கு நெஞ்சு குதிரை மாதிரி இருக்கு. கார்டிங்லயே வெச்சுக்கலாம்" என்றார்.

அன்று நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் என் பாயை, அதாவது நான் உட்கார்ந்து பயிற்சி செய்கிற கோரைப்பாயை, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மில்லை விட்டு அனுப்பப்பட்ட பாய் மாமாவுக்காக வருத்தப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் குளிர்ச்சியாக ஒரு சந்தோஷம் இருந்தது. பாய் போகும்போது என் தோளைத் தட்டி, "நீ பொழைச்சுக்கிட்ட மாப்ள" என்றார்.

அப்புறம் யுத்தம் வந்தது. நூல் எவ்வளவு போட்டாலும் போதவில்லை. மில் இரவு பகலாக ஓடியது. மிஷினைத் துடைக்கக்கூட நிறுத்துவதில்லை. நல்ல நெஞ்சுக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன் அல்லவா, ஆள் வராத நாளில் அடுத்தவன் மிஷினையும் சேர்த்து எனக்கே கொடுத்தார்கள். பரிசோதனை நடந்தபோதெல்லாம் இழுத்தேன், பிடித்தேன், மெல்ல விட்டேன். தவறாமல் தேறினேன்.

ஆனால் வீட்டில் குடம் ஜெயிக்க ஆரம்பித்தது. முதலில் கழுத்துக்கு வரும்போது தோற்றேன். பிறகு முக்கால் குடத்தில், பிறகு அரைக் குடத்தில். "குடமா, நீங்களா?" என்று அவள் கேட்கும்போது நான் எரிந்து விழுந்த நாளும் உண்டு. திங்கட்கிழமை மட்டும் வந்த நெஞ்சடைப்பு இப்போது சனிக்கிழமை வரை போகாமல் நின்றது. மாடிப்படி இருக்கிற இடங்களுக்குப் போவதை விட்டேன். அப்புறம் மேடு இருக்கிற தெருக்களை விட்டேன். பயிற்சியை மட்டும் விடவில்லை. இன்னும் சீக்கிரமாக எழுந்தேன்.

ஒரு நாள் காலை குடம் சீக்கிரமாக நிறைந்த மாதிரி இருந்தது. நான் ஜெயித்தேன். மறுநாளும் ஜெயித்தேன். அவளிடம் கேட்டேன்.

"குழாய்ல இப்ப தண்ணி வேகமா வருது. யுத்தத்துக்காகப் புது மிஷினு போட்டிருக்காகளாம்" என்றாள். ஊரில் எல்லாமே யுத்தத்துக்காக நடந்துகொண்டிருந்தது, தண்ணீர் விழும் சத்தம் மாறியிருந்ததும் அதனால்தான் என்று நினைத்தேன். நம்பினேன். அந்த நாட்களில் உச்சி வெயிலில் அவள் தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டால், "குழாய்த் தண்ணில பருப்பு வேக மாட்டேங்குது" என்பாள். அதையும் நம்பினேன். நம்புவதில் எனக்கு அப்போது நல்ல பயிற்சி இருந்தது.

யுத்தம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் திருமங்கலம் சந்தையில் பாயைப் பார்த்தேன். தலையில் கைலி மூட்டை. மேலூர்ச் சந்தை, திருமங்கலம் சந்தை என்று சுமந்துகொண்டுபோய் விற்கிறாராம். மூட்டையோடு விடுவிடுவென்று நடந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். எனக்கு நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கவில்லை. வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார்.

"வெளிய அனுப்பிச்ச புதுசுல அந்த டாக்டரை நான் திட்டாத நாள் கிடையாது மாப்ள" என்றார். "வீட்ல அடுப்பு எரியாது, அம்புட்டுக் கஷ்டம். இப்ப தொழுகும்போது அந்த ஆளுக்கும் சேத்து துவா கேக்குறேன். நீயி இன்னும் கார்டிங்லயா இருக்க?"

ஆமாம் என்றேன். அவர் மூட்டையை இறக்கி அதன் மேல் என்னை உட்கார வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். முன்பெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணாமல் அவரால் இருக்க முடியாது. அன்று பண்ணவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் அவளைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்தவர் வயதான டாக்டர், நிதானமானவர். மேல்மூச்சு வாங்காமல் நான் உட்காரும் வரை காத்திருந்துவிட்டு, "எங்க வேலை?" என்றார். சொன்னேன். "லீவு முடிஞ்சு போற முதல் நாள் நெஞ்சை அடைக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறி தின்றதை இவருக்கு யார் சொன்னது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கறியைப் பற்றிக் கேட்கவே இல்லை. தூசிலிருந்து ஒரு நாள் விலகியிருந்த நெஞ்சு மறுபடி தூசைப் பார்த்ததும் இறுக்கிக்கொள்கிறது, அதுதான் முதல் அடையாளம், அப்போதே அந்த வேலையை விட்டிருந்தால் சரியாகியிருக்கும் என்றார். இப்போது நெஞ்சு சுருங்கிப் போய்விட்டது, இனி விரியாது, மருந்து இழுப்பைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான் என்றார். மறைக்காமல் சொன்னார். அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

"இத்தனை வருஷமா மில் டாக்டர் பாக்கலையா? ஒருத்தரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

அவள் பதில் சொன்னாள். "பாத்தாகய்யா. ஒவ்வொரு தடவையும் பாத்தாக. அவுக மூச்சு அம்புட்டு நல்லா இருந்துச்சுங்கய்யா."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பினோம். தேரடியில் அந்தப் புத்தகக்காரர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

மில்லை விட்டு நின்றேன். வீட்டில் இருந்தேன். உட்காருவதை மட்டும் நிறுத்தவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, அதுதான் உண்மை. கை தானாகக் கோரைப்பாயை விரித்தது. ஒரு நாள் விடியலில் அவள் கனைத்தாள், நான் பிடித்தேன், வெளியே தண்ணீர் நிறைந்தது, விட்டேன். அப்போது குழாயடியில் ஒரு பெண் சத்தம் போட்டாள்.

"ஏன்த்தா, தெனமும் இந்தச் செம்புலயே பிடிச்சுக்கிட்டு இருக்கியே, உனக்குக் குடமே இல்லயா? ஒரு முறை வீணாப்போகுதுல்ல? நிறைஞ்சிருச்சுல்ல, வரிசைக்குப் பின்னாடி போ."

நான் கண்ணைத் திறந்தேன். பயிற்சியின் நடுவில் கண்ணைத் திறந்தது அதுதான் முதல் தடவை. கதவு ஒருக்களித்திருந்தது. அவள் கையில் செம்பு. குடிக்கத் தண்ணீர் மொள்ளுகிற செம்பு. அதை எடுத்துக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். உச்சி வெயிலில் கிணற்றுக்கு எதற்குப் போனாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குடத்திலிருந்து சின்னத் தோண்டி, தோண்டியிலிருந்து செம்பு என்று என் மூச்சுக்குத் தகுந்த மாதிரி அவள் பாத்திரத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். இத்தனை நாள் நான் ஜெயித்ததெல்லாம் அந்தச் செம்பை.

அவள் சில காலமாகச் செய்வது போல் பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து, "செம்... குடமா, நீங்களா?" என்று கேட்டாள். நாக்குக் குழறியதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். சாயங்காலம் சொன்னேன்.

"ஏ புள்ள, நாளைக்குப் பெரிய குடத்தையே எடுத்துட்டுப் போ. வெயில்ல அலையாத."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், பரணில் கிடந்த பித்தளைக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் துலக்கினாள். வெகுநேரம் துலக்கினாள்.

மறுநாள் விடியலில் நான் கோரைப்பாயில் உட்கார்ந்தேன். வெளியே கனைப்பு கேட்கவில்லை. குடத்தைக் குழாய்க்கடியில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பழைய கொரகொரப்பு, அடித்தொண்டையிலிருந்து. நான் இழுத்தேன், பிடித்தேன். குடத்தின் அடி மூடுவதற்குள் என் மூச்சு போய்விட்டது. திரும்ப இழுத்தேன், அதுவும் போனது. அப்புறம் பிடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டு, குடம் நிறைவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் நெஞ்சில் அடித்த விசில் தெரு வரை கேட்டிருக்கும். குழாயடியில் அன்று யாரும் சத்தம் போடவில்லை. குடம் மெல்ல மெல்ல நிறைந்து, கழுத்துக்கு வந்து, கீச்சென்று கத்தி, வழிந்தது.

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என்னைத் தாண்டிப் போய் அதை அடுக்களையில் இறக்கி வைத்தாள். அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை.